ஓபோ சீவாளி மேசை: எந்தக் கருவிக்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஆர்கெஸ்ட்ராவில் சம்பளத்துக்கு ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகருவியை வாசிப்பவரின் வீட்டில் விலை கூடிய பொருள் ஓபோதான். ஆனால் அவர் அதிக நேரம் உட்கார்ந்திருப்பது சீவாளி மேசையில், அதாவது ஊதும் முனையில் செருகும் நாணல் இதழ்களைச் செய்யும் மேசையில். பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் ஒத்திகையும் கச்சேரியும் சேர்த்து வாரத்துக்கு ஏழெட்டு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை மணி நேரம். நாணல் சீவாளி ஒன்று நல்ல நிலையில் நிற்பது சுமார் பத்துப் பதினைந்து மணி நேர வாசிப்புக்குத்தான். அதற்குப் பிறகு நுனி தளரும், சுருதி இறங்கும், மேல் ஸ்தாயி தொய்ந்துபோகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மேடைக்குத் தகுந்த சீவாளி வாரம் ஒன்றிரண்டாவது தயாராகிக்கொண்டே இருக்க வேண்டும். செய்வதெல்லாம் மேடை ஏறாது என்பது தனிக் கதை. பல சீவாளிகள் வீட்டுச் சாதகத்தோடு நின்றுவிடும்.

நாதஸ்வரத்துக்குத் திருவாவடுதுறையில் சீவாளி செய்வதற்கென்றே குடும்பங்கள் உண்டு. வித்துவான் சொல்லிவைத்து வாங்கிக்கொள்வார். ஓபோவில், அதிலும் அமெரிக்காவில், அந்த வசதியை யாரும் நம்பி இருப்பதில்லை. வேலையில் இருக்கிறவர் தன் சீவாளியைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது எழுதாத விதி. அதனால் கருவிக் கடைகளின் பட்டியல் முழுக்க ஆசை காட்டும் பொருட்கள். கல்லூரி முடித்து ஆடிஷனுக்குத் தயாராகும் ஒருவர் அந்தப் பட்டியலில் எதை முதலில் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம், எதை வாங்கவே வேண்டாம் என்று பார்க்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க ‘லாங் ஸ்கிரேப்’ பாணிக்கு. பாரிஸில் ஜார்ஜ் ஜில்லேயிடம் படித்த மார்செல் தபுத்தோ 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவில் முதல் ஓபோ வாசித்தார். அதே ஊரின் இசைக் கல்லூரியான கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்டில் பாடமும் நடத்தினார். அவரிடம் படித்த ஜான் டி லான்சி அவருடைய நாற்காலிக்கே வந்தார். ஹெரால்ட் கோம்பெர்க் நியூயார்க்குக்கும், அவர் தம்பி ரால்ஃப் கோம்பெர்க் பாஸ்டனுக்கும், ஜான் மேக் கிளீவ்லாந்துக்கும் ஆர்கெஸ்ட்ரா வேலைக்குப் போனார்கள். இன்றைய அமெரிக்கச் சீவாளி அந்த வகுப்பறையிலிருந்து பரவியதுதான். ஐரோப்பியச் சீவாளியில் சுரண்டல் நுனியிலிருந்து ஒரு செ.மீ. போல வந்து நின்றுவிடும். அமெரிக்கச் சீவாளியில் அது நாணலை உலோகக் குழாயோடு பிணைக்கும் நூல் கட்டுக்குச் சில மி.மீ. முன்னால் வரை இறங்கும்: மெல்லிய நுனி, அதன் கீழே தடித்த ‘ஹார்ட்’, அதற்கும் கீழே நடுவில் முதுகுத்தண்டு விட்டு இருபுறமும் இரண்டு ஜன்னல்கள். முடிந்த நீளம் 70 மி.மீ. அளவில் நிற்கும், ஐரோப்பாவில் இரண்டு மி.மீ. கூட இருக்கும். பாணி மாறினால் கருவிகளின் அளவுகளும் மாறும். ஜெர்மன் கடையில் ‘ஓபோ செட்’ என்று மொத்தமாக வாங்கிவிட்டு அமெரிக்க ஆசிரியரிடம் போய் நின்றால் பாதிச் சாமான் பெட்டியிலேயே தூங்கும்.

முதல் காசு கத்திக்கு

புதிதாக வருபவர்கள் பணத்தை நாணல் குடையும் மெஷினில் போட்டுவிட்டுக் கத்தியில் மிச்சம் பிடிப்பார்கள். தலைகீழ் வேலை. சீவாளிக் கத்தி காய்கறிக் கத்தி மாதிரி வெட்டுவதில்லை. அதன் விளிம்பில் ஒரு பக்கமாக மடங்கி நிற்கும் கண்ணுக்குத் தெரியாத பிசிறுதான் நாணலைச் சுரண்டுகிறது. அந்தப் பிசிறு மழுங்கியதும் கை தன்னை அறியாமல் அழுத்தம் கூட்டும். அழுத்தம் கூடினால் நாணலின் நார் நசுங்கும். நுனியில் மூலை பிய்ந்துவிடும். ‘இந்த நாணல் சரியில்லை’ என்று குப்பைக்குப் போகிற சீவாளிகளில் பலவற்றுக்கு மழுங்கின கத்திதான் காரணம்.

இரண்டு பக்கமும் குழிவாகத் தேய்த்த டபுள் ஹாலோ கிரவுண்ட் கத்தி தீட்டுவதற்குச் சுலபம். கல்லில் படும் பரப்பு குறைவு. ஒரு பக்கம் தட்டையான பெவல்டு கத்தி கனமாக இருக்கும், நீண்ட ஜன்னல்களைச் சுரண்ட நிதானம் கொடுக்கும், ஆனால் வலக்கைக்கு, இடக்கைக்கு என்று பார்த்து வாங்க வேண்டும். லேண்ட்வெல் கத்திகளில் இரும்பு கடினம், நடுத்தரம், மென்மை என்று மூன்று தரத்தில் வருகிறது. கடின இரும்பு பிசிறை நெடுநேரம் தாங்கும், தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும். மென்மையானது இரண்டு இழுப்பில் கூர் ஏறும், சீக்கிரம் போகும். தீட்டத் தெரியாதவர் கடின இரும்பு வாங்கினால் மழுங்கின விலை உயர்ந்த கத்தி ஒன்று மிஞ்சும். நடுத்தரம் போதும். கூடவே 1000 கிரிட் கல் ஒன்று, 4000 அல்லது அதற்கு மேல் ஒன்று, மெல்லிய பீங்கான் குச்சி ஒன்று. கல்லை ஈரமாக வைத்து, கத்தி முதுகைக் கொஞ்சமே தூக்கி, ஒவ்வொரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுத்து, கடைசி இரண்டு இழுப்பை ஒரே பக்கம் கொடுத்தால் பிசிறு மடங்கி நிற்கும். கூரைச் சோதிக்கக் கட்டைவிரல் நகத்தில் கத்தியைச் செங்குத்தாக வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் மழுங்கல், கவ்வினால் சரி. ஹார்ட்டுக்கும் ஜன்னலுக்கும் ஒரு கத்தி, நுனிக்கு மட்டும் இன்னொன்று என்று இரண்டு வைத்துக்கொள்வது ஆடம்பரம் இல்லை.

விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். அந்தப் பெட்டி வந்து சேராத ஊரில் ஆடிஷன் என்றால் தப்புவதற்கு முடித்த சீவாளிகள் கையோடு இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அங்கே போய்ச் சுரண்டிக்கொள்ளலாம் என்ற திட்டம் ஆபத்து.

மைக்ரோமீட்டர்

கோஜர் எனும் நாணல் குடையும் மெஷினை வாங்குமுன் வாங்க வேண்டியது, தடிமன் அளக்கும் இந்தக் கருவி. முள் காட்டும் டயல் வகை, 0.01 மி.மீ. பிரிவுகள், நாணலின் வளைவுக்குள் உட்காரும்படி உருண்டையான முனை. தட்டை முனை உள்ள பொதுக் கடை மைக்ரோமீட்டர் குடைந்த நாணலின் வளைவில் இரண்டு ஓரத்தில் தட்டி நின்று பொய் சொல்லும். கடையில் வாங்கும் நாணலுக்கு ‘0.59’ என்று லேபிள் இருக்கும். பத்தில் எத்தனை உண்மையில் 0.59, பக்கங்கள் என்ன என்பதை இதுதான் காட்டிக்கொடுக்கும். ஈர நாணலையும் காய்ந்ததையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தது ஊதி இருக்கும், காய்ந்ததும் மி.மீ.யில் நூறில் ஒன்றிரண்டு பங்கு குறையும். எப்போதும் காய்ந்த பிறகு அளந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கும்.

கோஜர்: இந்த மேசையின் தலை

நாணலின் உட்புறத்தைக் குடையும் மெஷின் இது. விலை ஆயிரம் டாலரைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். நல்ல நிலையில் உள்ள புது மெஷின், கூடுதல் பிளேடு, படுகை என்று சேர்த்தால் இன்னும் நன்றாகவே ஏறும். இவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? வாரம் நான்கைந்து சீவாளிக்கு மேல் கட்டுகிறவருக்கு வேண்டும். அதற்குக் குறைந்தால் வேண்டாம்.

ஏன் என்பதைப் பார்ப்போம். லாங் ஸ்கிரேப்பில் பின்பகுதியின் தோலையும் சுரண்டி எடுத்துவிடுகிறோம். அப்போது மிஞ்சும் நாணலின் தடிமனை உள்ளே குடைந்த வளைவுதான் தீர்மானிக்கிறது. நடுவில் 0.58-லிருந்து 0.60 மி.மீ., பக்கங்களில் 0.45-ஐ ஒட்டி என்பது பொதுவான இலக்கு. பக்கம் அதைவிட மெலிந்தால் சீவாளியின் வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும், சுருதி ஊசலாடும். பக்கம் தடித்தால் வாய் திறந்தே நிற்கும், கீழ் ஸ்வரங்கள் மென்மையாக எழ மறுக்கும். கீழ் ஸ்வரம் மெல்ல எழாத சீவாளியோடு இரண்டாம் ஓபோ நாற்காலியில் உட்கார முடியாது. அந்த நாற்காலிக்குச் சம்பளமே பெரும்பாலும் அதற்குத்தான். குடைதல் கோணினால் கத்தியால் எவ்வளவு சுரண்டினாலும் அது திருந்தாது. கடை நாணலில் இந்த வளைவு பை மாறினால் மாறுகிறது, அதே கடையானாலும்.

மெஷினில் பார்க்க வேண்டிய உறுப்புகள் நான்கு: நாணல் படுக்கும் அரைவட்டப் படுகை, அதன் இரண்டு முனையிலும் நாணலைப் பிடிக்கும் கிளிப்புகள், தண்டின் மேல் முன்னும் பின்னும் ஓடும் வண்டி, வண்டியில் பொருத்திய பிளேடு. பிளேடுக்கும் அதன் பக்கத்தில் உள்ள வழிகாட்டிக்கும் இடையிலான இடைவெளி சீவலின் தடிமனைத் தீர்மானிக்கும். ஆழத்தை நிறுத்தும் திருகு தனி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திருகுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய கோளாறு. நாணல் தடித்து வருகிறது என்று பிளேடை இறக்கினால் ஆழம் மாறாது, சீவல்தான் தடிக்கும். தடித்த சீவல் நாரைப் பிய்க்கும். நன்கு அமைந்த மெஷினில் சீவல் வெங்காயச் சருகு மாதிரி, முனை முதல் முனை வரை அறுபடாமல், ஒரே அகலத்தில் வரும்.

சிங்கிள் ரேடியஸ், டபுள் ரேடியஸ் என்று இரண்டு வகை. சிங்கிளில் பிளேடு படுகையின் நடுவில் ஓடும். உட்புறம் ஒரே வில். டபுளில் பிளேடு நடுவிலிருந்து இம்மி விலகி நிற்கும். பாதி வேலையில் நாணலை முனை மாற்றித் திருப்பிப் போட்டதும் மறுபாதி குடைபடும். இரண்டு வில்கள் நடுவில் சேரும் இடத்தில் மிக மெல்லிய மேடு நிற்கும். எது உசத்தி என்ற சண்டைக்கு முடிவே இல்லை. உங்கள் ஆசிரியர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதை வாங்குங்கள். அவர் சொல்லித்தரும் சுரண்டல் அந்த வளைவுக்கு ஏற்பத்தான் உருவாகியிருக்கும். பிலடெல்பியா வட்டாரத்துச் சுரண்டலையும் வேறொரு மெஷினின் வளைவையும் கலந்துவிட்டு ஏன் ஒலி வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

வேலை முறை இது. 10-லிருந்து 10.5 மி.மீ. விட்டமுள்ள நாணல் குழாயை மூன்றாகப் பிளந்து, கில்லட்டின் எனும் வெட்டுக் கருவியில் சுமார் 74 மி.மீ. நீளத்துக்கு நறுக்கி, பிரீ-கோஜர் எனும் முன்சீவல் கருவியில் தள்ளி உட்புறச் சதையைச் சீவ வேண்டும். பிரீ-கோஜர் இல்லாமல் நேராகக் கோஜரில் போட்டால் பிளேடு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியது வாரக்கணக்கில் மழுங்கும், ஆகவே அது கோஜரின் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவு. பிறகு ஒரு மணி, இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறல். காய்ந்த நாணலைக் குடைந்தால் அலை அலையாகக் கோடு விழும். வண்டியைக் கீழே அழுத்தாமல், முன்னே மட்டும் தள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு தள்ளலுக்கு ஒருமுறை நாணலைத் திருப்புங்கள். சீவல் வருவது தானாக நின்றால் ஆழம் வந்துவிட்டது.

நாணலுக்கும் படுகைக்கும் நடுவில் ஒரு சின்னச் சீவல் துணுக்கு மாட்டினால் போதும்: அந்த இடத்தில் நாணல் எழும்பி நிற்கும், பிளேடு அங்கே கூடுதலாகத் தின்னும். வெளியே எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மைக்ரோமீட்டரில் அந்தப் புள்ளி மட்டும் 0.03 மெலிந்திருக்கும். சீவாளியின் ஒரு இதழ் மட்டும் தொங்குவதற்கு இது போதும். ஒவ்வொரு நாணலுக்கும் முன்பு படுகையைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுவது ஐந்து விநாடி வேலை.

கோளாறுகளை அளவிலிருந்தே படிக்கலாம். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து, நாணலைத் திருப்பிப் போட்டாலும் அது மெஷினின் அதே பக்கத்தில் வந்தால், தண்டு படுகைக்கு இணையாக இல்லை என்று அர்த்தம். இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறு என்றால் வண்டியின் விலகல் தவறு, அல்லது நாணலின் ஓரம் சீராக இழைக்காமல் படுகையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் நாணலைச் சந்தேகியுங்கள், அப்புறம் மெஷினை. குடைந்த பரப்பு பஞ்சு பஞ்சாக நார் எழும்பி நின்றால் பிளேடு போய்விட்டது.

பிளேடை நீங்களே கல்லில் தீட்ட வேண்டாம். கத்தியைத் தீட்டுவது வேறு. பிளேடின் வளைவு கொஞ்சம் மாறினாலும் நடுவுக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். அதனால் கோஜரில் நான் பார்க்கும் முதல் தகுதி வேலைப்பாடு அல்ல, செய்தவரிடம் பிளேடு தீட்டி அமைத்துத் தரும் சேவை இருக்கிறதா என்பது. நல்ல சேவையில் மெஷினோடு குடைந்த மாதிரி நாணல் இரண்டு மூன்றும் அளவுகள் எழுதிய சீட்டும் திரும்பி வரும். அந்த மாதிரி நாணலைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு வருஷம் கழித்து மெஷின் நகர்ந்துவிட்டதா என்று ஒப்பிட அதுதான் சாட்சி. மெஷின் போய்த் திரும்பும் வரை ஓட்டக் குடைந்த நாணல் கையிருப்பில் வேண்டும். டிசம்பரில் நட்கிராக்கர் பாலே வாரக்கணக்கில் ஓடும்போது பிளேடை அனுப்புவது புத்திசாலித்தனம் அல்ல.

நாணல், ஷேப்பர், ஸ்டேப்பிள்

நாணல் என்றால் அருண்டோ டோனக்ஸ்; பேர் வாங்கியது தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் விளைவது. பெயரைவிட நேர்த்தி முக்கியம். கண்ணாடித் தட்டில் குழாயை உருட்டினால் நெளியாமல் ஓட வேண்டும். வளைந்த குழாயிலிருந்து பிளந்த துண்டு படுகையில் ஒழுங்காகப் படுக்காது. பச்சை கலந்தது பழுக்காதது. பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது அழகுக் குறை. விட்டம் குறைந்த குழாயில் வளைவு கூட, சீவாளியின் வாயும் அதிகம் திறக்கும். விட்டம் கூடினால் வாய் தட்டை. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் வாய் மூடிக்கொள்ளும் ஊர்களில் 10-க்கும், ஈரக் கோடையில் 10.5-க்கும் கை போவது இதனால்தான். டென்வர் போலச் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊருக்குக் கச்சேரிக்குப் போனால் சமவெளியில் சரியாக இருந்த சீவாளி அங்கே கட்டையாகத் தோன்றும்; கொஞ்சம் கூடச் சுரண்ட வேண்டியிருக்கும். மொத்தமாகக் குழாய் வாங்குவது மலிவு. ஆனால் பிளந்து பார்த்துக் கழித்தது போக மிஞ்சுவதை வைத்து விலை கணக்கிடுங்கள்.

ஷேப்பர் டிப் என்பது மடித்த நாணலை இரண்டு பக்கமும் பிளேடால் செதுக்க உதவும் எஃகு அச்சு. இதைச் சேர்ப்பது ஒரு வியாதி. மேக் பிளஸ், கில்பர்ட் மைனஸ் ஒன்று என்று பெயர்கள் நீளும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் மி.மீ.யில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. அகலம் கூடினால் சுருதி இறங்கி ஒலி விரியும், குறுகினால் சுருதி ஏறும். விலையோ ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல். ஆசிரியர் பயன்படுத்தும் டிப் ஒன்று, சுருதி இறக்கமாகவே வந்தால் அதைவிடக் குறுகியது இன்னொன்று. அதற்கு மேல் டிராயர் நிரப்பத்தான். ஷேப்பரைவிடப் பிளேடில் தாராளமாக இருங்கள். மழுங்கின பிளேடு ஓரத்தை அலையாக்கும், அந்த அலை வழியாகக் காற்று கசியும்.

ஸ்டேப்பிள் என்பது நாணலைக் கட்டும் சின்ன உலோகக் குழாய்; 47 மி.மீ. பித்தளைதான் பொதுவழக்கம். வெள்ளி ஸ்டேப்பிளுக்கு மூன்று நான்கு மடங்கு கொடுப்பதற்கு முன் அதே காசுக்கு நல்ல நாணல் எவ்வளவு வரும் என்று பாருங்கள். இதில் முக்கியம், கட்டும்போது ஸ்டேப்பிளுக்குள் செருகிப் பிடிக்கும் கம்பியான மாண்ட்ரல்: அது உங்கள் ஸ்டேப்பிளின் உட்சரிவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாததைத் திணித்தால் நீள்வட்ட முனை உருண்டையாகிவிடும். அப்புறம் இதழ்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூடாது. எஃப்எஃப் தடிமன் நைலான் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். நாணலைச் செருகி மொத்த நீளம் 72 மி.மீ. வருமாறு வைத்து, கட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். ஸ்டேப்பிளின் மேல்முனைக்கு ஒன்றிரண்டு சுற்றுகளுக்கு முன் ஓரங்கள் மூட வேண்டும், கடைசிச் சுற்று சரியாக முனையில் நிற்க வேண்டும். ஒரு சுற்று தாண்டினாலும் இதழ்களின் தொண்டையை நெரித்தது போல ஆகிவிடும். கசிந்தால் கட்டுக்குச் சற்று மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ மீன்தோல் எனப்படும் சவ்வையோ சுற்றலாம். எல்லாச் சீவாளிக்கும் அதைச் சுற்ற வேண்டியிருந்தால் ஷேப்பிங்கைப் பாருங்கள்.

சுரண்டும்போது இரண்டு இதழ்களுக்கு நடுவில் செருகும் மெல்லிய தகடான பிளேக், நுனியை வைத்து நறுக்கும் வெட்டுக் கட்டை இரண்டும் மலிவானதே போதும். பிளேக் மட்டும் வளைந்துபோனதும் மாற்றிவிடுங்கள். சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதும்போது வரும் ‘குரோ’ இரண்டு ஸ்தாயியிலும் ‘சி’ ஸ்வரத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு டியூனர் வேண்டும். அது தொலைபேசியிலேயே இருக்கிறது. தனியாக வாங்காதீர்கள்.

வேண்டாதவை

சீவாளியின் வெளிப்புறத்தைத் தானே சுரண்டித் தரும் புரொஃபைலிங் மெஷின். ஐரோப்பியக் குறுஞ்சுரண்டலுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. விற்பனைக்குச் செய்கிறவர்களுக்குக் கை வலி மிச்சம். லாங் ஸ்கிரேப்பில் ஒவ்வொரு நாணலின் கடினத்துக்கு ஏற்ப ஹார்ட்டின் நீளமும் ஜன்னலின் ஆழமும் மாற வேண்டும். மெஷின் எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுரண்டும். விலையும் கோஜரை ஒட்டி இருக்கிறது. ஆடிஷன் காலத்தில் மணிக்கட்டு வலி உள்ளவர் முரட்டுச் சுரண்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இந்தப் பணத்தில் இரண்டு மூன்று ஆடிஷனுக்கு விமான டிக்கெட் வரும்.

செயற்கைச் சீவாளி. கனடாவில் 1998-இல் தொடங்கிய லெஜேர் நிறுவனத்தின் ஓபோ சீவாளிதான் அதிகம் பேசப்படுவது. ஊற வைக்க வேண்டாம், காய்ந்து போகாது. இசை நாடகத்தில் மேடைக்கு முன்னால் உள்ள வாத்தியக் குழியில் ஓபோவையும், அதன் தாழ்ந்த சுருதி உறவான இங்கிலீஷ் ஹார்னையும் மாற்றி மாற்றி வாசிப்பவர், இருபது நிமிஷம் சும்மா கிடந்த கருவியை எடுத்ததும் ஊத வேண்டியவர், பள்ளிப் பாடம் நடத்துகிறவர் ஆகியோருக்கு இது நியாயமான வாங்கல். சிம்பொனி நாற்காலிக்கு என் ஓட்டு இல்லை. பிராம்ஸ் வயலின் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் அந்த நீண்ட தனி வாசிப்பில் ஒரே ஸ்வரத்துக்குள் நிறம் மாற்ற வேண்டும். நாணலில் கத்தியால் இரண்டு இழுப்பு இழுத்து அந்த வசதியை உண்டாக்கிக்கொள்ளலாம், பிளாஸ்டிக் அந்த அளவுக்குக் கை கொடுக்காது. விலையும் நல்ல கைவேலைச் சீவாளி பலவற்றுக்குச் சமம். ஆபத்துக்கு ஒன்று பெட்டியில் கிடக்கட்டும்.

மடித்துச் செதுக்கிய நாணலை வாங்கிக் கட்டலாமா? மாணவர் நிலையில் தாராளமாக. குடைந்ததை மட்டும் வாங்கினால் இன்னும் மலிவு, ஷேப்பர் டிப் உங்கள் கையில். கடையை மதிப்பிட ஒரு வழி: ஒரே வகையில் பத்து வாங்கி, நடு, இரண்டு பக்கம், இரண்டு முனை என்று ஒவ்வொன்றிலும் ஐந்து புள்ளிகளை அளந்து எழுதுங்கள். நடுவில் 0.02-க்குள் வேறுபாடு, இரு பக்கங்களுக்குள் 0.02-க்குள் வேறுபாடு என்றால் கடை நல்ல கடை. அதைத் தாண்டினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சீரற்ற நாணலில் சுரண்டக் கற்பவர் நாணலின் தவறைத் தன் தவறாக எண்ணிக்கொண்டே வருஷத்தை ஓட்டுவார்.

பழைய கோஜர் வாங்குகிறவருக்கு

ஓய்வு பெறும் கலைஞர்கள் மேசையோடு விற்பார்கள், விலை பாதி வரை இறங்கும். நல்ல வாய்ப்பு, ஆனால் பெட்டியைத் திறந்து பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். ஊறவைத்த நாணல் நான்கைந்தைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே குடைந்து பாருங்கள். வண்டியைத் தண்டின் மீது பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. தேய்ந்த வண்டியை எந்தத் திருகும் சரிசெய்யாது. கிளிப் நாணலை விடாமல் பிடிக்கிறதா, தள்ளும்போது நாணல் நகர்கிறதா என்று பாருங்கள். படுகையில் நகத்தை ஓட்டினால் கீறல் தட்டக் கூடாது. பிளேடில் இன்னும் எத்தனை முறை தீட்டும் அளவுக்கு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். செய்தவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, இல்லையென்றால் அந்த மாடலுக்குப் பிளேடு தீட்டுகிறவர் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத மெஷினை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பதில் கிடைத்தால், தீட்டுக் கூலியையும் அனுப்பும் செலவையும் விலையோடு கூட்டி, அதைப் புது மெஷினின் விலையோடு வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்காவது மிச்சமாகிறது என்றால் வாங்கலாம்.